களாப் புதரை வெட்டிவிட்டுப் ‘பெர்ரி’ விற்கிறார்கள்!

சென்னையின் பெரிய கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னஞ்சிறு டப்பா இருக்கிறது. உள்ளே 125 கிராம் நீலநிறப் பழம். பெயர் ‘ப்ளூபெர்ரி’. கப்பலேறி வந்த சரக்கு. அதன் விலை, களை பறிக்கும் பெண்ணின் ஒரு நாள் கூலியை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது! இதைத் தின்றால் ரத்தம் சுத்தமாகும், இருதயம் பலப்படும், மூளை சுடர்விடும் என்று விளம்பரக்காரர்கள் முரசறைகிறார்கள். கூடவே கனவான்களின் உபதேசம் ஒன்று: “ஏழைகளுக்கு எதைச் சாப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால்தான் சோகை!”

தெரியவில்லையா? பழவேற்காட்டுக்கு வந்து பார்க்கட்டும்!

சென்னைக்கு வடக்கே ஏரிக்கரை நெடுக மீனவர் குப்பங்கள். மார்கழி, தை மாதங்களில் இலந்தை. ஆனி, ஆடியில் நாவலும் களாவும். முட்புதருக்குள் சூரைப்பழம், காரைப்பழம். எந்தப் புதர் எப்போது பழுக்கும் என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தெரியாதவர்கள் கனவான்களே!

இந்தப் பழங்களில் என்ன இருக்கிறது? ப்ளூபெர்ரிக்கு நீலம் தரும் சாயப்பொருளும், நாவல் தின்றால் நாக்கைக் கறுக்கச் செய்யும் சாயப்பொருளும் ஒரே குடும்பம். ‘சி’ வைட்டமின் என்னும் ஜீவசத்தில் நெல்லிக்காய்க்குப் பக்கத்தில் நிற்கக்கூட ப்ளூபெர்ரிக்கு யோக்கியதை இல்லை. எடைக்கு எடை வைத்தால் ஆரஞ்சும் நெல்லியிடம் தோற்கும்.

இந்த ஜீவசத்தை நம் உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ளாது. நெடுநாள் சேமித்து வைக்கவும் செய்யாது. மீனில் நல்ல புரதம் உண்டு. ஆனால் இது இல்லை. சோற்றிலும் கருவாட்டிலும் இல்லை. காய்கறியில் இருப்பதிலும் ஒரு பகுதி கொதிக்கும்போது போய்விடுகிறது. ஆகவே பச்சையாகத் தின்னும் கனி அவசியம். இன்னொரு முக்கிய விஷயம்: கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து சுலபத்தில் ரத்தத்தில் சேராது. அதே வேளைச் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலோ குறைந்துபோகும். ஷிப்டுக்கு ஓடும் ஆலைத் தொழிலாளத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்லுகிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவிகிதத்தினருக்குச் சோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவிகிதம். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு ரத்தம் போதாத நாட்டில், பழத்தை டப்பாவில் அடைத்துப் பணக்காரருக்கு விற்பதா வளர்ச்சி?

சரித்திரத்தைப் பாருங்கள். 1609-ல் டச்சு வியாபாரிகள் பழவேற்காட்டில் இறங்கினார்கள். 1613-ல் கோட்டை கட்டினார்கள். துணி வியாபாரத்தில் கம்பெனி கொழுத்தது. ஆனால் அந்தக் காலத்துக் கப்பல்களில் கூலிக்கு வேலை செய்த மாலுமிகள், ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் உதிர்ந்து மாண்டார்கள். ஸ்கர்வி என்ற வியாதி அது. கனியில்லாத ஆகாரத்தால் வருவது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மளமளவென்று தேறினார்கள். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க 1795-ம் ஆண்டு வரவேண்டியிருந்தது. நாற்பத்தெட்டு வருஷம்! மருந்து தெரிந்திருந்தது, கொடுக்கத்தான் மனமில்லை. நம் நாட்டில் 1939-40-ல் ஹிஸார் பஞ்சத்தில் ஸ்கர்வி பரவியபோது நெல்லிக்காய் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். ஆக, அறிவு மட்டும் போதாது. கனி வாய்க்கு வந்து சேரவேண்டும்.

இன்று குப்பத்துக் குழந்தையின் வாய்க்கு அது ஏன் வரவில்லை? புதர் எங்கே? சீமைக் கருவேலம் பரவி நாட்டுப் புதரை அமுக்குகிறது. புறம்போக்கு நிலத்துக்கு வேலி விழுகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971-ல் முதல் ராக்கெட் பறந்தது. ராக்கெட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்டின் கனியும் கிழங்கும் பொறுக்கி வாழ்ந்த யானாதி மக்களின் ஆகாரத்துக்கு யார் கணக்கு வைத்தார்கள்? தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விஸ்தரிப்புக்கு அதானி கம்பெனி போட்ட திட்டம், கடலும் நிலமுமாக 6,000 ஏக்கருக்கு மேல் கேட்டது. மீனவர் எதிர்ப்புக்கு நடுவே 2023 செப்டம்பரில் பொது விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. துறைமுகக் கணக்கில் மணல்மேடு ‘காலி நிலம்’. குழந்தைக்கோ அது காசில்லாத பழக்கடை!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறோம். பழம் மந்திரமல்ல. நாவல் கொட்டைப் பொடி சர்க்கரை வியாதியை ஒழித்துவிடும் என்று சொல்லி ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தச் சொல்லுகிறவன் மோசக்காரன். கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையை விடக்கூடாது. பெயர் தெரியாத காய்களைக் குழந்தைகள் தின்னக்கூடாது. காட்டாமணக்கு விதையும் குன்றிமணியும் விஷம். அரை வயிற்றுக் கூலிக்குப் பழம் பதிலும் ஆகாது.

ஆகவே நாம் கோருவது என்ன?

பள்ளிச் சத்துணவிலும் அங்கன்வாடியிலும், பருவம்தோறும் நெல்லி, நாவல், இலந்தை கொடு! அவற்றை ஊர்ப் பெண்களிடமே நியாய விலைக்கு வாங்கு!

ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் சீமைக் கருவேலத்தை அகற்றி, களாவும் நாவலும் நடு! அந்த வேலையை உள்ளூர்க்காரருக்கே கூலியோடு கொடு!

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குத் தந்த, காட்டுச் சிறு விளைபொருள் சேகரிக்கும் உரிமையை இருளருக்கு அமல்படுத்து!

ஊரைக் கேட்காமல் வேலி போடாதே!

தோழர்களே! வெட்டப்படும் களாப் புதர் உங்கள் குழந்தையின் ரத்தம். அடுத்த கிராம சபையில், அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை எழுப்புங்கள். மண்ணில் விளைந்த கனி, முதலில் அந்த மண்ணில் பாடுபடுகிறவன் வாய்க்கு!