பொறியின்மேல் எம்மொழி?

முதுமலைத் தெப்பக்காட்டு யானைக் காப்பகத்தில் பாகன் ஒரு சொல் சொல்ல யானை மண்டியிடும், மறுசொல்லுக்கு எழும். அது பழகாத சொல்லால் ஏவினால் தன்னுயிர்க்கே ஊறென்பதைப் பாகன் நன்கறிவான்.

அச்சாலையிலேயே கூடலூர்க்கு ஏறினால் தேயிலைத் தோட்டங்கள், இடையிடையே தொழிற்கூடங்கள். 1964ஆம் ஆண்டு உடன்பாட்டால் இலங்கையினின்று பெயர்ந்து வந்த தமிழர் பலர் உழைக்கும் மண் அது. அங்குள்ள சி.டி.சி. பொறியில் பல்வெட்டிய ஈருருளைகள், ஒன்று மெல்லவும் மற்றொன்று பன்மடங்கு விரைந்தும், எதிரெதிர் சுழன்று இலையை நறுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. அவ்விடுக்கில் அகப்பட்ட விரல் மீளுமா? அப்பொறியின்மேல் "தொடாதே" என்பது எம்மொழியில் எழுதப்பெறல் வேண்டும்?

போபால் நச்சுவளிக் கொடுமைக்குப் பின், 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் புதுப்பிரிவொன்று சேர்ந்தது. பொறியை வரைவோரும் ஆக்குவோரும் இறக்குமதி செய்வோரும் விற்போரும் அது தீங்கற்றதென ஆய்ந்து உறுதிசெய்தல் வேண்டும். பயன்படுத்தும் முறையையும் போதுமான அளவு தெரிவித்தல் வேண்டும். 2025 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கடமை தொடர்கிறது. படிக்கவியலாத மொழியில் தெரிவிப்பது எங்ஙனம் போதுமானதாகும்?

நடுவணரசின் கனரகத் தொழில் அமைச்சகம் 2024 ஆகத்து 28இல் பொறிப்பாதுகாப்பு ஆணையொன்று பிறப்பித்தது. பாரந்தூக்கி, நெசவுப்பொறி, மின்னாக்கி முதலியவற்றை, உள்நாட்டில் ஆக்கினும் வெளிநாட்டினின்று கொணரினும், தரச்சான்றோடே விற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓராண்டில் நடப்புக்கு வரவேண்டிய அதனை 2026 செப்தம்பர் 1க்குத் தள்ளிவைத்தனர். ஆக்குவோர்க்குக் காலம் வேண்டும், சரி. உழைப்பவன் விரலுக்கு யார் கெடு நீட்டுவார்?

அவ்வாணைக்கு அடிப்படையான தரங்களுள் முதன்மையானது, பன்னாட்டுத் தரம் 12100ஐத் தழுவிய இந்தியத் தரம் 16819. எழுத்து எச்சரிக்கைகள் பொறி முதலில் இயங்கும் நாட்டின் மொழியிலும், கேட்டால் இயக்குவோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்கிறது அது. நாட்டுக்கொரு மொழி என்றெண்ணி எழுதிய வரி! இந்திய ஒன்றியத்தில் 'நாட்டின் மொழி' எது? 14 இலக்கத்தினும் குறைந்த மக்கள் வாழும் எசுத்தோனியாவில் விற்கும் பொறிக்குக் கையேடு எசுத்தோனிய மொழியில் இருந்தாக வேண்டுமென்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஏழு கோடித் தமிழரோ கேட்டுப் பெற வேண்டியவர்!

கேட்போம். 'எச்சரிக்கைப் பலகையும் இயக்கக் கையேடும் தமிழில் வேண்டும்' என்னும் ஒரு வரியைக் கொள்முதல் ஓலையில் நீலமலைக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்கூடங்களும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமும் முதலில் எழுதட்டும். வடபுலத்தினின்று வந்துழைப்பார் இருப்பின் அவர்தம் மொழியையும் சேர்த்துக் கேட்கட்டும். கோவையில் பொறி செய்வார்க்கு இஃது அரிதன்று. இறக்குமதியாளர் மறுப்பாராயின், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் மறுக்கட்டும்.