முதலில் தூங்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவ மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நிர்வாகங்கள் ஆலோசனை வகுப்பு, யோகா, தியானம் என்றே ஆரம்பிக்கின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறோம் என்று யாரும் வாய்திறந்து கேட்பதில்லை.

என் மகள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் முதுநிலை முதலாண்டு படிக்கிறாள். அவளுடைய யூனிட்டுக்கு அட்மிஷன் டே என்றால், காலை ஏழு மணிக்கு லேபர் வார்டுக்குள் போகிறவள் மறுநாள் சாயங்காலம்தான் வெளியே வருகிறாள். இரவெல்லாம் பிரசவம் பார்த்தாலும், விடிந்து ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் கேஸ் ஷீட்டுகளை எழுதி முடித்திருக்க வேண்டும்; ரத்தப் பரிசோதனை முடிவுகளை லேபுக்குப் போய் வாங்கி வைத்திருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் நோயாளிகள் முன்னாலேயே திட்டு விழும். சாப்பிட்டாயா என்று கேட்டால், கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்துத்தான் பதில் சொல்கிறாள்.

முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்பணி பொதுவாக ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. 32 ஆண்டுகளில் வரம்பு 26 மணி நேரம் கூடியிருக்கிறது. அதையாவது கடைப்பிடிக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. அந்தக் குழு நடத்திய ஆய்வில் முதுநிலை மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வார விடுப்பே கிடைப்பதில்லை என்றனர். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 31 சதவீதம். அறிக்கை வந்த பிறகும் என் மகளின் டூட்டி அட்டவணையில் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை.

தமிழக அரசு 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்காக ‘மனம்’ என்ற மனநல நல்லாதரவு மன்றத்தைத் தொடங்கியது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் படிக்கிற கல்லூரிக்குள்ளேயே உதவி கேட்டுப் போக மாணவர்கள் பயப்படுகிறார்கள். மனநலத் துறை ஓ.பி.யில் சீட்டுப் போட்டு உட்கார்ந்தால் மறுநாள் யூனிட் முழுக்கத் தெரிந்துவிடும்; தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவருக்கும் தெரிந்துவிடும் என்கிறாள் என் மகள். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ இலவச உதவி கிடைக்கிறது. தவிக்கிற பிள்ளைகள் தயங்காமல் அழைக்க வேண்டும். ஆனால் தொலைபேசியில் ஆறுதல் சொல்பவரால் அன்றிரவு டூட்டியை மாற்றித் தர முடியாதே!

வேண்டாம், விட்டுவிட்டு வா என்று மகளிடம் சொல்லவும் வழியில்லை. படிப்பை இடையில் நிறுத்தினால் லட்சக்கணக்கில் அபராதம் கட்ட வேண்டும். இந்த அபராதத்தைக் கைவிடும்படி தேசிய மருத்துவ ஆணையமே 2024 ஜனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. உடைந்துபோன ஒரு பிள்ளையைப் பணத்தைக் காட்டிப் பிடித்துவைப்பது கொடுமை.

“நாங்களும் இப்படித்தான் படித்தோம்” என்கிறார்கள் மூத்த மருத்துவர்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் மதிக்கிறேன். அதற்காக அதே கஷ்டத்தை அடுத்த தலைமுறையும் படத்தான் வேண்டுமா? முப்பது மணி நேரம் தூங்காதவர் தையல் போட்டால் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கும் அல்லவா ஆபத்து?

மருத்துவக் கல்வி இயக்ககம் ஒவ்வொரு துறையின் டூட்டி அட்டவணையையும் மாதந்தோறும் வாங்கி, மணிக்கணக்கோடு பொதுவில் வெளியிட வேண்டும். ஆள் போதவில்லை என்றால் காலியிடங்களை நிரப்பட்டும். அந்தச் சுமையை மாணவர்கள் தலையில் கட்டக் கூடாது. ஆலோசகர்கள் கல்லூரிக்கு வெளியிலிருந்து வர வேண்டும். மாணவர் சொல்வது நிர்வாகத்தின் காதுக்கே போகக் கூடாது. சுகாதாரத் துறை அமைச்சர் இதற்கான உத்தரவை இந்தக் கல்வியாண்டிலேயே பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முதுநிலை மருத்துவ மாணவியின் தாய்,
திருநெல்வேலி.