ஆடாம அசையாம நிக்கிற நம்பர்

மக்களே, நம்ம தாம்பரம் பக்கம் மாடி டேங்க் வழிஞ்சா கீழ் வீட்டு மாமி கத்துவாங்க. அதான் நமக்கு ஹை லெவல் அலாரம். பெட்ரோல் டேங்குக்கு ஏது மாமி?

2005 டிசம்பர் 11, ஞாயிறு. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912-ம் நம்பர் டேங்க் நிரம்பிக்கிட்டே இருக்கு. விடிகாலை 3 மணிவாக்கில் கேஜ் சிக்கிக்கிச்சு. திரையில அளவு மூணுல ரெண்டு பங்குலயே நின்னுடுச்சு. தனியா ஒரு ஹை லெவல் சுவிட்சும் இருந்தது. அதோட டெஸ்ட் லீவரை நிறுத்தி வைக்கிற பூட்டைப் போடாததால அதுவும் தூங்கிடுச்சு. 2,50,000 லிட்டருக்கு மேல பெட்ரோல் வழிஞ்சு, 6 மணிக்கு வெடிச்சது. 40 பேருக்கு மேல காயம். ஞாயிறு விடிகாலைங்கறதால உயிர் போகல.

ரேடார் கேஜ் மாட்டினா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க. மாட்டட்டும், நல்லதுதான். ஆனா என் கட்சி வேற. வால்வு திறந்திருக்கு, உள்ளே வந்துக்கிட்டிருக்கு, லெவல் மட்டும் பத்து நிமிஷமா அசையலையா? சாஃப்ட்வேர் அலறணும். நாலு வரி கோடு சார்! (நாங்க அதை விட்டுட்டு கிராஃபுக்கு கலர் மாத்திக்கிட்டு இருப்போம், அது வேற விஷயம்.)

வெள்ளைக்காரன் கதைன்னு தள்ளிடாதீங்க. 1984-ல போபாலில், அவசரத்துக்குக் காலியா இருக்க வேண்டிய இ-619 டேங்கிலும் எம்.ஐ.சி. கிடந்தது.

பிளான்ட்ல இருக்கிற நண்பர்களே, உங்க ஹை லெவல் சுவிட்சைக் கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?