ஒரு பக்கமா ஓடும் கத்தி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா வாழைக்காய் வறுவலுக்குச் சீவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏலே, இந்தக் கத்தியை என்ன பண்ணினே? நான் நேரா இழுத்தா அது ஒரு பக்கமா ஓடுது."

தட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு வில்லையும் ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் காகிதமாய் மெலிந்து கிடந்தது. எண்ணெயில் போட்டால் பாதி கருகும், பாதி வேகாது.

குற்றவாளி நான்தான். மச்சினன் வெளியூரிலிருந்து வந்தபோது ஒரு சின்ன சாணை மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தான். கையடக்கம். உப்புத்தாளையே நாடாவாக ஒட்டி இரண்டு உருளைகளில் மாட்டியதுபோல ஒரு பெல்ட். மேலே கத்தியைச் செருகி இழுக்க இரண்டு பள்ளம், ஒன்று இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு. சுவிட்சைப் போட்டால் விர்ரென்று ஓடும். இரண்டு இழுப்பில் கத்தி தக்காளித் தோலை வழித்துக்கொண்டு போனது. எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த உற்சாகத்தில்தான் அம்மாவின் கத்தியை எடுத்தேன். அது கடையில் தொங்குகிற எவர்சில்வர் கத்தி அல்ல. லாரி பட்டையை அடித்துச் செய்தது, அப்பா இருந்தபோது கொல்லர் பட்டறையில் சொல்லி வாங்கியது. முப்பது வருஷம் தேய்ந்தும் நிற்கிறது. நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து வருஷத் தேய்மானத்தைத் தேய்த்துவிட்டேன் என்று பின்னால்தான் புரிந்தது.

கத்தியை விளிம்பு மேலே பார்க்கப் பிடித்து, முனையிலிருந்து பாருங்கள். வாயை ஒட்டி இரண்டு பக்கமும் பளபளவென்று ஒரு குறுகலான சரிவு தெரியும். அந்த இரண்டு சரிவும் சந்திக்கிற கோடுதான் வெட்டுகிறது. என் கைவேலையில் வலப்பக்கச் சரிவு மூன்று மில்லிமீட்டர் அகலம், இடப்பக்கம் ஒன்று. வாய் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. அகலமான சரிவு காயை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தள்ளும், கத்தி எதிர்ப்பக்கம் நழுவும். அம்மா சொன்ன 'ஓட்டம்' இதுதான்.

ஜப்பானில் பச்சை மீன் சீவும் கத்திகளை வேண்டுமென்றே ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் செய்கிறார்கள். அதனால் அங்கே வலக்கைக்காரருக்கு ஒரு கத்தி, இடக்கைக்காரருக்கு வேறு கத்தி. நம் வீட்டுக் கத்திக்கு அந்த வம்பு வேண்டாம். ஆற்றோடு கீழே போனால் பத்தமடை. அங்கே பாய்க்குக் கோரையை நீளவாக்கில் பிளப்பார்கள். கத்தி ஒரு பக்கம் இழுத்தால் பிளவும் ஒரு பக்கம் ஒதுங்கும், ஒரு பாதி தடி, மறு பாதி நார். பட்டுப்பாய்க்கு அந்தக் கோரை ஆகுமா?

சரி, மெஷினில் பள்ளமும் கோணமும் இரண்டு பக்கமும் ஒன்றுதானே, பிறகு எப்படிக் கோணியது? இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. மெஷின்தான் மோசம் என்று மச்சினனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பிவிட்டேன்.

விடை, மொபெட்டில் சாணைக்கல் கட்டி வருகிற அண்ணாச்சியிடம் இருந்தது. எங்கள் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் தெருக்களில் அவர் குரல் கேட்டால் அரிவாமணையும் கத்தரிக்கோலுமாகப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். கத்தியை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் பார்த்தார். சிரித்தார்.

"தம்பி, முதல்ல ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டுதானே மறு பக்கம் போனீய?"

ஆமாம் என்றேன்.

"அதான். முதப் பக்கம் பிசிறு வார வரைக்கும் தேச்சிருப்பீய. ரெண்டாவது பக்கம் நாலு இழுப்புலயே பிசிறு வந்திருக்கும். போதும்னு விட்டிருப்பீய."

நடந்தது அப்படியேதான். ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க வாய் எதிர்ப்பக்கம் நகர்கிறது. சரிவு விளிம்பைத் தொட்டதும் எதிர்ப்பக்கம் நூல் போல ஒரு பிசிறு எழும்பும், நகத்தில் உரசினால் சிக்கும். மறுபக்கம் திருப்பும்போது பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது, சீக்கிரம் பிசிறு வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வலப்பக்கத்தில் ஆரம்பித்தால் ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம்தான் அகலும். கல்லில் தீட்டும்போது இது மெதுவாக நடக்கும், கவனித்துத் திருத்திக்கொள்ளலாம். பெல்ட் ஒரு நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிடும்.

கோணிய கத்தியைத் திருத்த வழி நேர்மாறானது. அகலமான பக்கத்தைத் தொடவே கூடாது. குறுகலான பக்கத்தை மட்டும் இழுத்துக்கொண்டே வந்தால் வாய் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குத் திரும்பும். சரிவுகள் சமமானதும் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். அடுத்த தடவை தீட்டும்போது மறு பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அண்ணாச்சி இன்னொன்றும் கவனித்திருந்தார். நான் வலக்கைக்காரன். வலப்பக்கப் பள்ளத்தில் மணிக்கட்டு இயல்பாக நிற்கிறது, தெரியாமல் அழுத்திவிடுகிறேன். இடப்பக்கத்தில் கை கோணுகிறது, கத்தி பள்ளத்தின் சுவரில் ஒட்டாமல் நிமிர்ந்துகொள்கிறது. எண்ணிக்கை சமமாக இருந்தாலும் தேய்மானம் சமமாக இருக்காது. அழுத்தவே கூடாது. கத்தியின் கனம் போதும், தேய்ப்பது பெல்ட்டின் வேலை.

இப்போது நான் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன், இது என் மகள் கண்டுபிடித்தது. பத்து ரூபாய் மார்க்கர் பேனாவால் இரண்டு சரிவிலும் கறுப்பு மை பூசிவிடுவேன். மெஷினில் பக்கத்துக்கு ஒரே ஒரு மெல்லிய இழுப்பு. பிறகு போனில் கேமராவைத் திறந்து, பெரிதாக்கிப் பார்ப்பேன். எங்கே மை போயிருக்கிறதோ அங்கேதான் பெல்ட் தொட்டிருக்கிறது. விளிம்பில் மை மிச்சமிருந்தால் கத்தி அதிகம் படுத்திருக்கிறது. விளிம்பில் மட்டும் போய் மேலே மிச்சமிருந்தால் நிமிர்ந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இது பெரிய வரம்.

இழுக்கும் வேகமும் ஒரே சீராக இருக்க வேண்டும். 20 செ.மீ. கத்திக்கு, பிடியிலிருந்து முனை வரை ஆறேழு நொடி. எங்கே தயங்கி நிற்கிறோமோ அங்கே குழி விழும். பெரும்பாலும் பிடியை ஒட்டிய இடத்தில்தான் விழும், ஏனென்றால் கத்தியை வைத்துவிட்டு 'ரெடியா' என்று யோசிப்பது அங்கேதான். முனையில் வேறு ஆபத்து. பெல்ட்டைத் தாண்டி வெளியே இழுத்துவிட்டால் முனை மழுங்கி உருண்டுவிடும். முனை பெல்ட்டின் நடுவுக்கு வந்ததும் கத்தியைத் தூக்கிவிட வேண்டும். கத்தி வளைகிற இடத்தில் பிடியை லேசாக உயர்த்தினால்தான் வாய் பெல்ட்டுக்குக் குறுக்காக நிற்கும்.

இத்தனையும் செய்த பிறகும் அம்மாவின் கத்தியில் சரிவு ஒரே அகலமாக வரவில்லை. பிடிப்பக்கம் கொஞ்சம் அகலம், நடுவில் குறுகல். பிடிவாதமாக இன்னும் தேய்க்கப் போனேன். நல்லவேளை, அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டேன்.

விளிம்புக்குச் சற்று மேலே தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர், பக்கத்துக்கு 20 டிகிரி கோணம் என்றால் சரிவின் அகலம் சுமார் 0.73 மி.மீ. அதே கோணத்தில் தகடு ஒரு மில்லிமீட்டர் தடித்தால் அகலம் இரட்டிப்பாகி சுமார் 1.46 ஆகிவிடும். கோணம் மாறவே இல்லை, தடிமன்தான் மாறியது. சுத்தியலால் அடித்த கத்தி எங்கும் ஒரே தடிமனாக இருக்குமா? சரிவு அலையலையாகத் தெரிவது கத்தியின் உடம்பு, என் பிழை அல்ல. கண்ணுக்கு அழகாக வேண்டும் என்று அதைத் துரத்தினால் இரும்புதான் குறையும். ஆகவே நான் பார்ப்பது இடமும் வலமும் எதிரெதிரே சமமா என்பதை மட்டும். நீளவாக்கில் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெல்ட் நம்பர் விஷயத்தில் ஒரு வார்த்தை. 80, 120 எல்லாம் உடைந்த வாய்க்கு, மண்வெட்டிக்கு. சமையலறைக் கத்திக்கு 220-க்குக் கீழே போகாதீர்கள். 600, 1000 போதும். இப்படிப்பட்ட கத்தியில் சூடு முக்கியம். கொல்லர் காய்ச்சி முக்கி எடுத்த தோய்ச்சல் சூட்டில் போய்விடும். விளிம்பில் வைக்கோல் நிறம் தெரிந்தால் அபாயம். நீலம் ஓடிவிட்டால் அந்த இடம் சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, இனி கூர் நிற்காது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ஈரத்துணியில் துடைத்து ஆற விடுவேன்.

கடைசியாகப் பிசிறை எடுக்க வேண்டும். பனையேறுகிறவர்கள் பாளை அரிவாளைப் பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முகம் வழிக்கலாம் போல அவ்வளவு கூர். பாளையை மெல்லிய ஏடாகச் சீவினால்தான் பதநீர் இறங்கும். நான் பழைய தோல் பெல்ட்டில், அதாவது இடுப்பில் கட்டுகிற பெல்ட்டில், வாய் பின்னால் போகிறபடி பக்கத்துக்குப் பத்து முறை இழுக்கிறேன். மெஷின் நின்ற பிறகு செய்கிற இந்த அரை நிமிஷ வேலைதான் கத்தியை இரண்டு வாரம் கூடுதலாக நிற்க வைக்கிறது.

மெஷின் ஓடும்போது முந்தானையோ துண்டோ தொங்கக் கூடாது, கண்ணாடி போட வேண்டும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. சொல்லாமலே தெரியும், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊருக்கு பெல்ட் புதிதல்ல. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் நீர் விசையை நம்பித்தான் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். 1944-ல் பாபநாசத்தில் மின்சாரமே ஆற்றிலிருந்து வந்தது. அந்த ஆற்றின் கரையில் உட்கார்ந்து ஒரு வாழைக்காய்க் கத்தியை நேராக்க எனக்கு நாலு வாரம் பிடித்தது.

போன ஞாயிறு மறுபடி வறுவல். அம்மா முதல் வில்லையைச் சீவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு ஓரமும் ஒரே தடிமன். "ம்" என்றாள். அவ்வளவுதான். அண்ணாச்சியிடம் காட்டினேன். கட்டைவிரல் நகத்தில் வாயை மெல்ல நிறுத்திப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, எனக்கு ஒரு கிராக்கி போச்சு" என்றார். போகவில்லை. அரிவாமணையின் உட்பக்க வளைவு அந்த மெஷினின் பள்ளத்தில் நுழையாது, அது இன்னும் அவருக்குத்தான். நுழைந்தாலும் எனக்குக் கிடைக்காது. அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறாள்.