அபயக் குரல் எந்தச் செவிக்கு?

விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று மேடைதோறும் கேட்கிறோம். பேச்சுப் போட்டிகளில் நாங்களும் அப்படித்தான் தொடங்குகிறோம். சில சமயம் பரிசும் பெறுகிறோம். வளர்ந்துவிட்ட அந்த விஞ்ஞானம், நம் ஊர்ச் சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஒருவரை எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறது? இக்கட்டுரையில் நாங்கள் கேட்க விரும்பும் கேள்வி இதுவே.

கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலை. எங்கள் வகுப்பு மாணவியர் அறுவர் பள்ளி வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில், எங்களுக்கு முன்னே சென்ற லாரி ஒன்று இருசக்கர வண்டியில் வந்தவரைத் தட்டிவிட்டு நில்லாமல் போய்விட்டது. விழுந்தவர் எங்கள் தகப்பனார் வயதுடையவர். அவர் கொண்டுவந்த சின்ன வெங்காய மூட்டை அவிழ்ந்து சாலையெங்கும் சிதறிக் கிடந்தது. ஓட்டுநர் அண்ணன் அவசர எண்ணை அழைத்தார். அவருக்குக் கை நடுங்கியது. போனை எங்களுள் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு அடிபட்டவரிடம் ஓடினார்.

"எந்த மாவட்டம்?" என்று மறுமுனையில் கேட்டார்கள். மூவர் பெரம்பலூர் என்றோம். மூவர் அரியலூர் என்றோம். "எந்த ஊர்?" என்றார்கள். "ஆலமரத்து ஸ்டாப்" என்றோம். எங்களுக்கு அந்த இடத்தின் பெயர் அதுதான்! "பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்றார்கள். "மக்காச்சோளக் காடு" என்றோம். மக்காச்சோளக் காடு இல்லாத இடம் எங்கள் பக்கத்தில் எது என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. இணைப்பு அறுந்தது. மீண்டும் அழைத்தபோது வேறொருவர் எடுத்தார். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. வண்டி வேறெங்கோ போய்த் தேடிவிட்டு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவ்வழியே வந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர் அவரை ஏற்றிச் சென்றுவிட்டார். உயிர் பிழைத்தார், கால் பழைய நிலைக்கு வரவில்லை. மறுமுனையில் பேசியவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்கள் பொறுமையாகவே கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் எங்களிடம் இல்லை.

"எந்த மாவட்டம்" என்ற கேள்வி இங்கே எளிய கேள்வியும் அன்று. எங்கள் பெற்றோரில் பலர் பிறந்தபோது இது முழுவதும் திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001-இல் அரியலூர் தனியாகப் பிரிந்தது. 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. பெரியவர்களே தடுமாறுகிறார்கள் என்றால், பதற்றத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்வோம்?

தமிழகத்தில் காவல் துறைக்கு 100, தீயணைப்புக்கு 101 என்று எண்கள் நெடுநாளாக இருந்து வந்தன. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. இவை அனைத்துக்கும் பொதுவாக 112 என்னும் ஒற்றை எண் 2019 பிப்ரவரி 19 அன்று தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் தொடங்கி வைக்கப்பட்டது. இந்த 112-க்கான பணம் நிர்பயா நிதியிலிருந்து வந்தது. அதாவது, நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று 2013-இல் ஒதுக்கத் தொடங்கிய பணம் அது. ஆகவே அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்குச் சற்றே கூடுதலாக உண்டு என்று எண்ணுகிறோம்.

எங்கள் கிராமத்திலிருந்து 108-ஐ அழைத்தால் குரல் முதலில் சென்னைக்குப் போகிறது. அங்கே எடுப்பவர் விவரம் கேட்டு, அருகிலுள்ள வண்டிக்குச் சொல்கிறார். மாநிலம் முழுவதற்கும் ஒரே இடம் என்பதில் நன்மை பல உண்டு. ஆனால் சென்னையில் அமர்ந்திருப்பவருக்குப் பெரம்பலூர் என்பது பெரம்பூர் என்று காதில் விழலாம். வேப்பூர் என்றால் எந்த வேப்பூர்? பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வேப்பூர். கடலூர் மாவட்டத்தில், திருச்சி - சென்னை நெடுஞ்சாலையின் மேலேயே இன்னொரு வேப்பூர். கீழப்பழுவூருக்கும் மேலப்பழுவூருக்கும் ஈரெழுத்துத் தடுமாற்றம் போதும். புதுப்பாளையங்களை எண்ணவே வேண்டாம்.

இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கத்தான் உலகின் பல நாடுகள் அவசர அழைப்பை இணைய வழிக்கு மாற்றி வருகின்றன. அமெரிக்காவில் அவசர எண் 911. அங்கே முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்னும் சிற்றூரில் பேசப்பட்டது. அன்று முதல் பல்லாண்டுகள் நடந்த முறை இதுதான்: வீட்டுத் தொலைபேசியின் எண்ணைக் கொண்டோ, கைப்பேசி எந்தக் கோபுரத்தைத் தொட்டது என்பதைக் கொண்டோ, எக்ஸ்சேஞ்சிலுள்ள பொறி அந்த அழைப்பைக் குறிப்பிட்ட ஓர் அறைக்குத் தள்ளிவிடும். கோபுரத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. அரியலூர் மண்ணில் நிற்கும் கோபுரம் பெரம்பலூர் வயலில் நிற்பவளின் குரலையும் பிடிக்கும். நாட்டுப்புறத்தில் ஒரு கோபுரம் சில கிலோமீட்டர் தூரத்தைக் கூட ஆள்கிறது. அந்தப் பரப்பில் ஓர் ஆளைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவது போலத்தான்.

புதிய முறையில் அழைப்பு தன் முகவரியைத் தானே சுமந்து செல்கிறது. கடிதத்தின் உறையில் பின்கோடு இருப்பது போல என்று எங்கள் கம்ப்யூட்டர் ஆசிரியை விளக்கினார். குரலோடு, போன் இருக்கும் இடத்தின் அளவும் இணைய வழியே போகிறது. கணினியிலுள்ள வரைபடம் அந்தப் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்து, உரிய அறைக்கு அனுப்புகிறது. அந்த அறையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த அறைக்குத் திருப்புகிறது. படமும் அனுப்பலாம். செவித்திறன் இல்லாதவர்கள் எழுத்தாலேயே உதவி கேட்கலாம். இந்த ஒன்றுக்காகவே இம்மாற்றத்தை வரவேற்கலாம் என்பது எங்களில் சிலரது கட்சி. இந்தியாவிலும் இதன் ஒரு பகுதி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து 112-ஐ அழைத்தால் இருப்பிடம் தானே போய்ச் சேரும் ஏற்பாடு 2025 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அன்று மாலை எங்களிடம் இப்படி ஒன்று இருந்திருந்தால், ஆலமரத்து ஸ்டாப் எங்கே என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே மாற்றம் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எப்படி மாற்றுவது என்பதில் எங்களுக்கு அச்சம் உண்டு.

2014 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். கொலராடோ மாநிலத்தில் ஒரு மையம். பல மாநிலங்களின் 911 அழைப்புகளை அதன் கணினி பிரித்து அனுப்பி வந்தது. ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எண் கொடுப்பது அதன் வழக்கம். அந்த எண்ணிக்கைக்கு யாரோ ஒரு மேல் வரம்பு வைத்திருந்தார்கள். அன்று நள்ளிரவு நெருங்கும் வேளையில் வரம்பு நிறைந்தது, கணினி எண் கொடுப்பதை நிறுத்தியது, அழைப்புகள் நின்றன. ஏழு மாநிலங்களில், ஏறத்தாழ ஆறு மணி நேரம், 6,600-க்கு மேற்பட்ட அழைப்புகள் யார் காதிலும் விழவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெண், வீட்டுக்குள் ஒருவன் நுழைய முயல்கையில், 37 முறை அழைத்தார் என்று பிற்பாடு நடந்த விசாரணையில் பதிவாகியது. முப்பத்தேழு முறை! பூகம்பமும் இல்லை, புயலும் இல்லை. யாரோ ஒருவர் நிரலில் எழுதிய ஓர் எண். பழைய முறையில் ஓர் ஊர் எக்ஸ்சேஞ்ச் கெட்டால் அந்த ஊர் மட்டும் ஊமையாகும். புதிய முறையில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துவிட்டால், அந்த ஓரிடத்தோடு ஏழு மாநிலங்களும் ஊமையாகும்.

மின்சாரமும் ஒரு கவலை. செம்புக் கம்பியில் வந்த பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் பேசியது. இணையப் பெட்டி அப்படியன்று; கரண்ட் போனால் அதுவும் போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களைச் சுழற்றியடித்தபோது கம்பங்கள் சாய்ந்தன. கைப்பேசிகளும் பல ஊர்களில் மௌனமாயின. உதவி மிக வேண்டிய நேரம் அதுவே அன்றோ? நம் மாவட்டங்களுக்கும் வெள்ளம் புதிதன்று. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் நிலைகுலைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்ததை முதியோர் இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த விடியலில் யார் கையிலும் பேசி இல்லை. இன்று எல்லோர் கையிலும் உண்டு. ஆயினும் கோபுரத்துக்கு டீசலும் பேட்டரியும் இல்லையென்றால் 1956-க்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் கருத்து இதுதான். இணைய வழி வரட்டும். ஆனால் அது உறுதிப்படும் வரை பழைய வழியை அறுத்துவிட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் குவிக்காமல், சென்னை விழுந்தால் திருச்சியோ மதுரையோ எடுக்கும்படி அமைக்கட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மண்ணைத் தெரிந்த ஒருவர் வரியின் மறுமுனையில் இருக்கட்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் "வாரி" என்றால் என்ன, "காடு" என்றால் என்ன என்பது அவருக்கு விளங்கும். சோதனை அழைப்புகளை அண்ணா சாலையிலிருந்து மட்டும் செய்யாமல் பச்சைமலை அடிவாரத்திலிருந்தும், கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர்ப் பக்கத்திலிருந்தும் செய்து பார்க்கட்டும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடங்களை எங்கள் மாணவியரே பட்டியல் போட்டுத் தருவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோருக்குச் சற்றுக் கசக்கலாம். இருப்பிடத்தைத் தானே அனுப்புவது ஸ்மார்ட் போன். எங்களில் பாதிப் பேர் வீட்டில் அது அண்ணனிடம் இருக்கிறது. அம்மாவிடமும் பாட்டியிடமும் இருப்பது பட்டன் போன். 2016-இல் மத்திய அரசு வகுத்த விதியின்படி பட்டன் போனிலும் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? பெண்பிள்ளைகளுக்காக என்று கட்டிய பாலம் பெண்பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு ஐம்பது அடி முன்னால் நின்றுவிடக் கூடாது.

சாதாரண மனிதர்கள் இதைப் பற்றியெல்லாம் எழுதி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1935 நவம்பரில் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தது. எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தார். எக்ஸ்சேஞ்சில் வரிசையில் காத்திருக்க வைக்கப்பட்டார். ஐந்து பெண்கள் இறந்தனர். அவர் கோபத்தோடு 'தி டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30 அன்று 999 என்னும் அவசர எண் லண்டனில் பிறந்தது.

நாங்கள் லண்டனுக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. எங்களால் ஆனதைத் தொடங்கியிருக்கிறோம். நெடுஞ்சாலைச் சிறு பாலங்களின் கைப்பிடிச் சுவரில் 12/3 என்பது போல் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மூன்றாவது பாலம் என்று பொருள். கிலோமீட்டர் கல்லைப் போலவே இதுவும் ஒரு முகவரி. ரயில்வே கேட்டுக்கும் எண் உண்டு. இத்தனை நாள் அவற்றைக் கடந்து போனோம், படிக்கவில்லை. இப்போது வேனில் வரும் மாணவியர் ஒவ்வொருவரும் தம் ஊருக்கு அருகிலுள்ள கல், பாலம், கேட் ஆகியவற்றின் எண்ணோடு, கிராமம், ஒன்றியம், வட்டம், மாவட்டம் என்று ஒரு வரி எழுதித் தருகிறார்கள். விடுதித் தலைவி சகோதரி அதை அட்டையில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறார். செந்துறை, குன்னம் வழி முடிந்துவிட்டது. ஆலத்தூர் பக்கத்து மாணவியர் இன்னும் பதினோரு ஊர்களுக்குத் தர வேண்டும். அதற்கான இடம் அட்டையின் அடியில் வெறுமையாக இருக்கிறது.