ஸ்பீக்கரை மாத்துறதுக்கு முன்னாடி மெத்தையைத் தூக்கி நிறுத்துங்க

புது ஸ்பீக்கர் வாங்கக் காசு சேர்க்கிற மக்களே, ஒரு வேண்டுகோள். அந்தக் காசை இன்னும் ரெண்டு மாசம் தொடாதீங்க. கடையில தேனா இருந்த ஸ்பீக்கர் வீட்ல தகர டப்பா மாதிரி கத்துதுன்னா, பாதிக் குத்தம் உங்க ரூமோடது.

நம்ம வீடுகளைப் பாருங்க. சிமெண்ட் பூசின சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. மேல படுற ஒலியில நூத்துக்கு ரெண்டு மூணு பங்கைத்தான் இதெல்லாம் உறிஞ்சும். மீதி திரும்பி வந்து பாட்டோட அடுத்த சொல் மேலயே விழும்.

1895-ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல இதே தலைவலி. புதுசா கட்டின ஒரு அரங்கத்துல பாடம் நடத்தினா யாருக்கும் புரியல. வாலஸ் சபைன்னு ஓர் இளம் ஆசிரியர்கிட்ட பொறுப்பைக் கொடுத்தாங்க. அவர் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில தூக்கிட்டு வந்து போட்டுப் போட்டு, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகுதுன்னு அளந்தார். பெரிய மருந்து ஒண்ணும் இல்லீங்க, வெறும் மெத்தை!

நான் பி.காம்., இயற்பியலை எப்பவோ கும்பிட்டு அனுப்பியாச்சு. ஆனா சபைன் சூத்திரம் வெறும் வகுத்தல்தான். அறையோட கன அளவை 0.161 ஆல பெருக்கி, மொத்த உறிஞ்சலால வகுக்கணும். 12க்கு 10 அடி ரூம், உயரம் 10 அடின்னா 34 கன மீட்டர். காலி ரூமோட உறிஞ்சல் சுமார் 2 சதுர மீட்டர். விடை 2.7 விநாடி. கோயில் மண்டபம்தான்! மெத்தை, கனமான திரை, துணிமணின்னு இன்னும் 6 சதுர மீட்டர் உறிஞ்சல் சேர்த்தா 0.7 விநாடி. எந்த ஸ்பீக்கர் இவ்வளவு லாபம் கொடுக்கும்?

எங்க வைக்கிறதுன்னு கேக்குறீங்களா? கேக்குற இடத்துல உக்காந்துக்கிட்டு, பக்கச் சுவர்ல ஒரு கண்ணாடியை நண்பனை விட்டு நகர்த்தச் சொல்லுங்க. கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியுற இடம்தான் முதல் எதிரொலி கிளம்புற இடம். அங்க பழைய மெத்தையை நிறுத்துங்க. இல்லாட்டி கனமான ஜமுக்காளத்தை நாலஞ்சு மடிப்பா, சுவரை விட்டு நாலு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்க.

முட்டை அட்டை ஒட்டுற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. அது கீச்சொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போறதைத் தடுக்காது. தீப்பிடிச்சா மட்டும் ஜோரா எரியும். ஒரு அங்குல ஃபோமும் பாஸுக்கு உதவாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் மூணரை மீட்டர்கிட்ட. அதுக்கு அந்த ஃபோம் வெறும் கொசுவலை. பாஸ் குமுறுதா? ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளிய இழுங்க. நாற்காலியையும் சுவரை விட்டு முன்னாடி நகர்த்துங்க. செலவு பூஜ்யம்.

வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டாங்கன்னா நாற்காலி முதுகுல மெத்தையைச் சாய்ச்சு வைங்க, போதும். நம்மள்ல பாதிப் பேர் செலவழிக்கிறது அப்பாவோட காசு. காசில்லாம சரியாகக்கூடியதை எல்லாம் சரி பண்ணிட்டு, அப்புறமும் குறை தெரிஞ்சா அவர்கிட்ட கை நீட்டலாம். அதுவரைக்கும் இருக்கிற ஸ்பீக்கர் பாவம், அதைத் திட்டாதீங்க.