காபட் வீதியும் மூழ்கும் கிளை வீதிகளும்

கிழக்கு மாகாணத்தின் கரையோர நெடுஞ்சாலை நம் கண் முன்னேயே மாறியது. பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடி ஊடாக மட்டக்களப்பு வரை ஏ-4 வீதி. மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா ஊடாகத் திருகோணமலை வரை ஏ-15 வீதி. கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வீதிகளின் ஓரத்திலோ அல்லது அவற்றிலிருந்து பிரியும் கிளை வீதிகளிலோதான் இருக்கின்றன.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில் மூதூர், கிண்ணியா நண்பர்கள் சிலரும் எங்களுடன் இருந்தார்கள். விடுமுறை கிடைத்தால் அவர்கள் ஹபரணையைச் சுற்றித் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து படகிலோ பாதையிலோ ஏறித்தான் வீடு போய்ச் சேர்வார்கள். ஆறு கடக்க உதவும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒவ்வொரு நீர்த்துறையிலும் காத்திருக்க வேண்டிய வீதி அது. யுத்தமும் சேர்ந்துகொண்டதால், வரைபடத்தில் மட்டுமே அது நெடுஞ்சாலையாக இருந்தது.

2009 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏ-15 வீதியின் மற்றப் பாதைத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. அந்த வீதியின் புனரமைப்புக்குப் பிரான்ஸ் அபிவிருத்தி முகவரகம் நிதி வழங்கியது. தெற்கே, 1924இல் கட்டப்பட்ட கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானின் உதவியுடன் கட்டிய புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இவற்றால் நோயாளியும் மாணவரும் மீனவரும் அடைந்த நன்மை சிறியதல்ல.

ஆனால் இந்த அபிவிருத்தியை எந்த இடத்தில் நின்று அளப்பது?

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் உயிரிழந்தார்கள். நாட்டின் மிக நீளமான பாலம் என்று நாம் பெருமைப்பட்ட பாலம் அதே ஊரில்தான் இருக்கிறது. புதிய பாலம் கட்டுவதற்காகக் குறிஞ்சாக்கேணியின் பழைய பாலம் அகற்றப்பட்டிருந்தது. வேலை முடியும்வரை மக்கள் எப்படிப் போவார்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் அந்த மிதவைதான்.

மூன்று வருடம் கழித்து, 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறைக்குப் பிரியும் வீதியில், மாவடிப்பள்ளிக்கு அருகே உழவு இயந்திரம் ஒன்று வெள்ளத்தில் அள்ளுண்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் ஆறு பேரின் ஜனாஸாக்களை நாம் அடக்கினோம். அவர்களோடு சென்ற வேறு சிலரும் உயிரிழந்தனர். அந்த இடத்திலிருந்து காபட் இட்ட நெடுஞ்சாலை சில நிமிடத் தூரம்தான்.

இரண்டையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டுப் போக முடியாது. கிழக்கில் மழைநீர் மேற்கே வயல்களிலும் குளங்களிலும் சேர்ந்து, களப்புகள் வழியாகக் கடலுக்கு இறங்குகிறது. கரையோர வீதியோ வடக்குத் தெற்காக அதைக் குறுக்கறுக்கிறது. வீதியை உயர்த்தினால் அது ஓர் அணைக்கட்டுப் போல நிற்கும். மதகுகள் போதாவிட்டால், அல்லது குப்பையும் சல்வீனியாவும் அடைத்துக்கொண்டால், முகத்துவாரம் நேரத்துக்கு வெட்டப்படாவிட்டால், தேங்கிய நீர் பள்ளமான கிளை வீதியைத் தேடிப் பாயும்.

நிர்வாகமும் துண்டு துண்டாக இருக்கிறது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாண சபைக்கு, மற்றவை பிரதேச சபைக்கு அல்லது நகர சபைக்கு. முகத்துவாரம் வெட்டுவதற்கு வேறு திணைக்களத்தின் கதவைத் தட்ட வேண்டும். வெளிநாட்டு நிதி பெரும்பாலும் பிரதான வீதிக்கே வருகிறது, திறப்பு விழாவும் அங்கேதான் நடக்கிறது. ஆனால் பிள்ளை பாடசாலைக்கு வருவது இவற்றில் ஒரு வீதியால் மட்டுமல்ல. ஒரே காலையில் அது மூன்று நிறுவனங்களின் வீதிகளைக் கடந்து வருகிறது.

ஆகவே நம் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒரு பாலத்தை உடைக்கும் முன், பாதுகாப்பான மாற்று வழி பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். அது மிதவை என்றால் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் உயிர்காப்பு அங்கியும் கட்டாயம். ஒக்டோபர் பிறக்கும் முன் மதகுகள் துப்புரவு செய்யப்பட வேண்டும். வெள்ளம் குறுக்கறுக்கும் வீதிகளில் நீர்மட்ட அளவுகோல் நட்டு, அளவு தாண்டினால் வீதியை மூடும் பொறுப்பை ஒரு அதிகாரியிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

நமக்கும் பங்கு உண்டு. பாடசாலைகளும் மத்ரஸாக்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாரி காலத்துக்கென்று ஒரு நடைமுறையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வீதியில் நீர் ஓடும்போது பிள்ளைகளை அனுப்புவதைவிட, சோறு சமைத்துக் கொடுத்து ஓர் இரவு தங்க வைப்பது பெரிய காரியமல்ல. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்பது மழை வருமுன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு வீதி திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தால் போவோம், நன்றியும் சொல்வோம். கூடவே அந்த மேடையில் இருப்பவர்களிடம், இந்த வீதியில் வந்து சேரும் கிளை வீதிகளில் எத்தனை நவம்பர் மழைக்குத் தாங்கும் என்றும் கேட்போம்.